கடைசி ஓவர் போட்டவனும் முதல் ஓவர் போட்டவனும்

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம்போல நடையை முடித்துவிட்டு அல்லிநகரத்தில் நான் எப்போதும் போகும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். முந்தின நாள் ராத்திரி பார்படாஸில் நம் ஆட்கள் இருபது ஓவர் உலகக் கோப்பையை வாங்கியிருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு மேல் ஊருக்குள் ஒரே வெடிச் சத்தம். "எழுபத்தாறு வயசுல தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு என்ன கிரிக்கெட்டு" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு அவளே சொல்லுவாள்.

கடையில் சண்டை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. "கோலிக்கு எதுக்குப்பா ஆட்ட நாயகன்? 59 பந்துல 76. அது ஒரு அடியா?" என்று ஒருவர். "மொதல்ல மூணு விக்கெட்டு போனப்ப நின்னது யாரு?" என்று இன்னொருவர். ஒரு பையன் சூர்யகுமார் பிடித்த கேட்சுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றான். அந்தக் கேட்சைக் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே செய்து காட்டியதில் பாதி டீ கீழே.

ஆட்டம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. தென்னாப்பிரிக்காவுக்கு 177 வேண்டும். பதினைந்து ஓவர் முடிந்தபோது 30 பந்தில் 30 ரன், கையில் ஆறு விக்கெட். நம் தெருப் பையன்கள் ஆடினாலே ஜெயித்துவிடுகிற நிலைமை. பதினாறாவது ஓவரை பும்ரா போட்டார், நான்கே ரன். பதினேழில் ஹர்திக் பாண்டியா முதல் பந்திலேயே கிளாசனை வீழ்த்தினார். பதினெட்டில் மறுபடி பும்ரா, இரண்டு ரன், ஒரு விக்கெட். பத்தொன்பதில் அர்ஷ்தீப், நான்கு ரன். கடைசி ஓவருக்கு 16 ரன் வேண்டும் என்று வந்து நின்றது. அதை ஹர்திக் போட்டார், ஏழு ரன்னில் ஜெயித்தோம். ஆட்ட நாயகன் கோலி. தொடர் நாயகன் பும்ரா.

"கடைசி ஓவர் போட்டவனுக்குத்தான் குடுக்கணும். அந்த நேரத்துல கை நடுங்காமப் போடுறதுக்கு ஒரு தில் வேணும்ல?" என்று டீ மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். கடை வாசலில் வாழைத்தார் ஏற்றிய மினி வேன் ஒன்று நின்றது. அதன் டிரைவர் கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கோரர் சார்தானே? நீங்க சொல்லுங்க சார். யாருக்குக் குடுத்திருக்கணும்?"

முப்பது வருஷமாக என்னை யாரும் ஸ்கோரர் சார் என்று கூப்பிட்டதில்லை. முகம் உடனே பிடிபடவில்லை. அவர் இடது கையால் டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் யாரென்று தெரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை. டீயில் ஆடை கட்டிவிட்டது.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் வேறொரு ஊர் விளையாட்டைச் சொல்ல வேண்டும். என் மகள் வீடு அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருப்பதும், நான் அங்கே போய் ஆறு மாதம் குளிரில் கிடந்ததும் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே மருமகனோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தேன். முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் மாதம் நான் மருமகனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நமக்கு பவுலர் என்றால் அவர்களுக்குப் பிட்ச்சர். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். தொடங்கி வைப்பவர் ஸ்டார்ட்டர். ஐந்தாறு இன்னிங்ஸ் வரைக்கும் அவர்தான் வண்டி இழுக்க வேண்டும். கை ஓய்ந்ததும் வேறொருவரை இறக்குவார்கள், அவர் ரிலீவர். ஒரு தடவை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ரிலீவர்களிலும், முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸுக்கு வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர் க்ளோசர். அவர் உள்ளே ஓடி வரும்போது மைதானமே எழுந்து நிற்கும், பாட்டெல்லாம் போடுவார்கள். பள்ளிக்கூட அணியில் ஆடுகிற என் பேரன் தான் க்ளோசர்தான் ஆவேன் என்றான். ஏன்டா என்றேன். "தாத்தா, ஸ்டார்ட்டருக்குப் பாட்டு கிடையாது" என்றான்.

அந்த நாட்டில் சிறந்த பிட்ச்சருக்கு சை யங் என்ற பழைய ஆட்டக்காரர் பெயரில் 1956 முதல் ஒரு பரிசு கொடுக்கிறார்கள். இதைக் கடைசியில் வந்து போடுகிறவனுக்குக் கொடுக்கலாமா என்பது அவர்களுக்குத் தீராத வழக்கு. முதன்முதலாக 1974-இல் மைக் மார்ஷல் என்ற ரிலீவருக்குக் கொடுத்தார்கள். அவர் அந்த ஒரு வருஷத்தில் 106 ஆட்டத்தில் இறங்கி 200 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர். ரிலீவர் என்று பெயர்தான், வேலை மாட்டு வேலை. கடைசியாக 2003-இல் எரிக் கான்யே. காப்பாற்றிக் கொடு என்று 55 தடவை அழைத்தார்கள், 55 தடவையும் காப்பாற்றினார். ஆனால் வருஷம் முழுக்க அவர் போட்டது 82 இன்னிங்ஸ் சொச்சம். ஸ்டார்ட்டர்களில் நல்ல ஆள் 200-ஐத் தாண்டுவான். இடையில் இருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் ஒன்பது ரிலீவர்கள் வாங்கியிருக்கிறார்கள். 2003-க்குப் பிறகு ஒருவருக்கும் இல்லை. அந்த வேலையில் அவரைப் போல ஆளே கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற மரியானோ ரிவேராவுக்கு, 652 தடவை ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவருக்கு, ஒரு தடவைகூட இந்தப் பரிசு கிடைக்கவில்லை. 2019-இல் அவர்களுடைய புகழ் மண்டபத்தில் ஒரு ஓட்டுகூட எதிராக இல்லாமல் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்த முதல் ஆள் அவர்தான். ஆனால் சை யங் இல்லை.

மருமகன் ஸ்டார்ட்டர் கட்சி, பேரன் க்ளோசர் கட்சி. தாத்தா என்ன கட்சி என்று கேட்டார்கள். எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஊர் தரிசு நிலமும் ஒரு டேபிள் ஃபேனும்தான். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

1993 நவம்பர் 24. கல்கத்தா ஈடன் கார்டன். ஹீரோ கோப்பை அரையிறுதி. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும். யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று நடு மைதானத்தில் மாநாடு. கபில்தேவ் இருக்கிறார், ஸ்ரீநாத் இருக்கிறார். அன்றைக்கு அதுவரைக்கும் ஒரு பந்துகூடப் போடாத சச்சின், அப்போது இருபது வயது, பந்தை வாங்கிக்கொண்டார். மூன்று ரன்தான் கொடுத்தார். இரண்டு ரன்னில் வெற்றி. மறுநாள் தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வங்கி கவுண்டர் வரைக்கும் அந்த ஒரு ஓவர்தான் பேச்சு. அந்த ஆட்டத்தில் 90 ரன் அடித்து ஆட்ட நாயகன் ஆனவர் அசாருதீன். இதை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 195 என்ற எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதியை அடித்தவரை மறந்துவிட்டோம், ஆறு பந்து போட்டவரை மறக்கவில்லை. இங்கே பரிசு சரியான ஆளுக்குப் போயிற்று. ஊர் ஞாபகம்தான் வேறு ஆளுக்குப் போயிற்று.

அடுத்த ஆறேழு மாதம் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு பையன்கள் எல்லோருக்கும் கடைசி ஓவர்தான் வேண்டும். புதுப் பந்தைப் போட ஆள் கிடைக்காது.

அந்தச் சூட்டில்தான் 1994 ஜூனில் டென்னிஸ் பந்து போட்டி வைத்தார்கள். வீரப்ப அய்யனார் கோயிலுக்குப் போகிற பாதையோரம் அப்போது ஒரு தரிசு இருந்தது. இப்போது அங்கே மாடி வீடுகள். நான் வங்கியில் லெட்ஜர் எழுதுகிறவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னை ஸ்கோரர் ஆக்கினார்கள். விளையாட்டு எனக்கு வராது. கணக்கு வரும். பன்னிரண்டு ஓவர் ஆட்டம், ஒருவருக்கு மூன்று ஓவர்தான். சிறந்த பந்துவீச்சாளருக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் டேபிள் ஃபேன் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் டேபிள் ஃபேன் சின்ன விஷயம் இல்லை.

எங்கள் அணியில் ஒரு மில் தொழிலாளிப் பையன். இருபத்திரண்டு வயது. இடது கை. ஆனி மாதத்தில் நம்மூரில் மேற்கே இருந்து வரும் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடக்கிறவனையே தள்ளும். அவன் மலைப் பக்கமிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடி வருவான். பந்து நேராகப் போவதுபோல் போய்க் கடைசியில் உள்ளே திரும்பும். பேட்டைத் தூக்கியவன் தூக்கியபடியே நிற்பான், பின்னால் குச்சி கிடக்கும்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு. சிறப்பு விருந்தினர் வந்து தொடங்கி வைக்க வேண்டும். அவர் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து இரண்டேகாலுக்கு ஆரம்பித்துவிட்டோம். நாங்கள் முதலில் ஆடி 70. அதற்குப் பிறகு எதிரணி ஆட்டம். மில் பையன் முதல் ஓவர், மூன்றாவது ஓவர், ஐந்தாவது ஓவர் என்று ஒரே மூச்சாகப் போட்டான். மூன்று ஓவர், ஒரு மெய்டன், ஏழு ரன், மூன்று விக்கெட். ஐந்தாவது ஓவர் முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். நாலு மணி ஷிப்ட். பதிலுக்கு ஒரு சின்னப் பையன் ஃபீல்டிங் நின்றான்.

கடைசி ஓவருக்கு ஒன்பது ரன் வேண்டும். ஒரு காலேஜ் பையன் போட்டான். அவன் அதற்கு முன் போட்ட இரண்டு ஓவரில் 21 ரன் கொடுத்திருந்தான், அதனால்தான் ஆட்டம் அவ்வளவு நெருங்கி வந்தது. ஆனால் அந்தக் கடைசி ஓவரைச் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே போட்டான். மூன்றே ரன், ஒரு விக்கெட். ஐந்து ரன்னில் ஜெயித்தோம். ஜனம் அவனைத் தோளில் தூக்கிவிட்டது.

ஃபேன் யாருக்கு என்று முடிவு செய்ய மூன்று பேர். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர், ஃபேன் கொடுத்த மருந்துக்கடைக்காரர், நான். டிரில் மாஸ்டர், "ஆட்டம் அஞ்சாவது ஓவரோட முடிஞ்சு போச்சுய்யா. மில்லுப் பயலுக்குக் குடுங்க" என்றார். மருந்துக்கடைக்காரர், "கடைசி ஓவர் இல்லேன்னா ஏது ஜெயிப்பு? அதுவும் போக, அந்தப் பய இங்க இல்லையே. மேடையில யார்ட்ட குடுக்கிறது? விருந்தாளி வந்து ஒக்காந்திருக்காரு" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நோட்டு என் மடியில் இருந்தது. மூன்று ஓவருக்கு ஏழு ரன், மூன்று ஓவருக்கு இருபத்திநான்கு ரன். இரண்டு வரியும் என் கையெழுத்துதான். லெட்ஜர்க்காரனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. முதல் ஓவரில் மிச்சம் பிடித்த ரன்னும் கடைசி ஓவரில் மிச்சம் பிடித்த ரன்னும் கணக்கில் ஒரே ரன்தான். ஆனால் கூட்டம் காலேஜ் பையன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். "கடைசி ஓவருக்கே குடுத்துருவோம்" என்றேன்.

மில் பையன் அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆடினான். அப்புறம் வரவில்லை. கல்யாணம் ஆகியிருக்கும், வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

காலேஜ் பையனைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் பெரியகுளத்து அணியோடு அரையிறுதி. அவனே கேட்டுக் கடைசி ஓவரை வாங்கினான். பதினொரு ரன் தடுக்க வேண்டும், பதினான்கு கொடுத்துவிட்டான். ஒரு வாரம் தெருவில் அவனோடு யாரும் பேசவில்லை. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனதை நானே பார்த்தேன். முதல் ஓவரில் பதினான்கு கொடுத்தவனை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்?

சேத்தன் சர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பையில் முதல் ஹாட்ரிக் எடுத்தவர், 1987-இல், நாக்பூரில். மூன்றும் க்ளீன் போல்டு. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் என் வயதுக்காரர்கள் சொல்வது 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நாலு ரன் வேண்டும், மியான்தத் தூக்கிய சிக்ஸர். பாவம், யார்க்கர் போடப் பார்த்தார், ஃபுல்டாஸ் ஆகிவிட்டது. அந்த ஒரு பந்துக்கு எத்தனை வருஷம் வசவு வாங்கினார் மனுஷன். ஆகவே கடைசி ஓவர்க்காரனுக்கு ஆபத்துப் படி என்று ஏதாவது சேர்த்துக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சில நாள் தோன்றும். கவுண்டரில் பணம் எண்ணுகிற கேஷியருக்குத் தனிப் படி கொடுப்பார்கள் இல்லையா, அதுபோல.

ஆனால் இந்தப் படியும் எல்லாக் கடைசி ஓவர்க்காரனுக்கும் கிடைப்பதில்லை. 2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். முதல் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 வேண்டும், ஒரு விக்கெட்தான் பாக்கி. தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். முதல் பந்து வைடு. அப்புறம் ஒன்று வெறும் பந்து. அடுத்தது சிக்ஸர். அடுத்த பந்தை மிஸ்பா பின்பக்கமாகக் கோரித் தூக்க, ஸ்ரீசாந்த் பிடித்தார். ஐந்து ரன்னில் கோப்பை. ஆட்ட நாயகன் யார்? நாலு ஓவரில் 16 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்த இர்ஃபான் பதான். அந்தத் தீர்ப்பை டிவியில் கேட்டபோது எனக்குள் ஒரு சின்ன உறுத்தல். அங்கே யாரோ நோட்டைப் பார்த்துப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

நம் நடராஜன் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த இடது கை. டென்னிஸ் பந்து ஆட்டத்தில் கடைசி ஓவரில் அடி வாங்காமல் இருக்க ஒரே வழி காலடியில் போடுவது. அந்தப் பழக்கம்தான் யார்க்கர் என்ற பெயரில் அவரை ஐ.பி.எல். வரை கொண்டுபோனது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இருபது ஓவர் தொடர். மூன்று ஆட்டத்தில் ஆறு விக்கெட், அதுவும் எல்லோரும் அடி வாங்கிய இடத்தில். தொடர் நாயகன் பரிசு ஹர்திக் பாண்டியாவுக்குப் போனது. அவர் அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் நடராஜன் கையில் கொடுத்தார், இது அவருக்கு உரியது என்று. அன்றைக்கு நான் டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தேன். வீட்டில் என்ன ஆச்சு என்றார்கள். தூசி என்றேன்.

அடுத்த மார்ச் 28, புனே. இங்கிலாந்தோடு மூன்றாவது ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும், எதிரே அடித்துக்கொண்டிருக்கும் சாம் கரன். நடராஜன் காலடியிலேயே போட்டுக் கட்டிவைத்தார். ஏழு ரன்னில் வெற்றி. ஆட்ட நாயகன் தோற்ற அணியின் சாம் கரன், ஆட்டமிழக்காமல் 95. நாலு விக்கெட் எடுத்த ஷர்துல் தாக்கூருக்கு இல்லையா என்று கோலியே வெளிப்படையாக ஆச்சரியப்பட்டார். நடராஜனுக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கமாட்டேன், ஏனென்றால் அன்றைக்குப் பத்து ஓவரில் அவர் 73 ரன் கொடுத்திருந்தார். மனசு ஒன்று சொல்லும், நோட்டு வேறொன்று சொல்லும். நம்ம பையனாக இருந்தாலும் நோட்டுதான்.

ஆக என் கட்சி இதுதான். கடைசியில் போட்டான் என்பதற்காகப் பரிசு இல்லை. பார்படாஸ் ஆட்டத்திலேயே பாருங்கள், கடைசி ஓவர் பும்ராவுடையது இல்லை. அவருடைய வேலை பதினெட்டாவது ஓவரோடு முடிந்துவிட்டது. நாலு ஓவர், 18 ரன், இரண்டு விக்கெட். அந்தப் பதினாறும் பதினெட்டும் இல்லாவிட்டால் இருபதாவது ஓவரில் தடுக்க 16 ரன் எங்கே மிச்சம் இருந்திருக்கும்? தொடர் முழுக்கவே அப்படித்தான். புதுப் பந்தா, போடு. நடுவில் கூட்டணி நிற்கிறதா, உடை. கடைசியில் இறுக்க வேண்டுமா, இறுக்கு. 15 விக்கெட், ஓவருக்கு நாலு ரன் சொச்சம். அவருக்குத் தொடர் நாயகன் கொடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம். பேஸ்பாலில் மைக் மார்ஷலுக்குக் கொடுத்ததற்கும் சம்மதம். கான்யே விஷயத்தில் பேரனோடு இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

டீக்கடையில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "வீட்டுக்கு ஒரு நாள் வாப்பா" என்று மட்டும் சொல்லி முகவரி சொன்னேன். புதன்கிழமை சாயங்காலம் ஒரு சீப்பு செவ்வாழையோடு வந்துவிட்டார். மில் மூடிப் பல வருஷம் ஆகிறதாம். சின்னமனூர்ப் பக்கமிருந்து தார் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறார். பெண் நர்சிங் முடித்துவிட்டாள்.

காபி வந்தது. நானே ஆரம்பித்தேன். "அந்த ஃபேன் உனக்கு வந்திருக்கணும்பா. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"ஃபேன் கிடக்குது சார்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு மூணு ஓவரையும் சேத்துப் போடணும்னு எனக்கு ஆசையா? கேப்டன் ரெண்டு ஓவர் மொதல்ல, ஒரு ஓவர் கடைசியிலன்னுதான் சொல்லியிருந்தாரு. ஒன்றரைக்கு ஆரம்பிச்சிருந்தா மூணேகாலுக்குள்ள முடிஞ்சிருக்கும். நான் பன்னெண்டாவது ஓவரப் போட்டுட்டே ஷிப்டுக்குப் போயிருப்பேன். விருந்தாளிக்காகக் காத்துக்கிடந்து முக்கா மணி நேரம் போச்சு. லேட்டாப் போனா அரை நாள் சம்பளம் கட்டு. அதான் எல்லாத்தையும் மொதல்லயே போட்டுட்டு ஓடுனேன். நான் ஆடுன காலத்துல ஒரு தடவகூடக் கடைசி ஓவர் போட்டதில்ல சார். ஞாயித்துக்கிழமை எப்பவும் எனக்கு ரெண்டாம் ஷிப்டு."

அவன் முதல் ஓவர்க்காரன் என்று முப்பது வருஷமாக நான் நினைத்திருந்தேன். அவன் நாலு மணி ஷிப்ட்காரன். கடைசி வரைக்கும் மைதானத்தில் நிற்க முடிந்தவனுக்குத்தான் கடைசி ஓவர் கிடைக்கும் என்பது அன்றைக்கு எங்கள் மூன்று பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. நோட்டில் ரன்னுக்குக் கட்டம் இருக்கிறது, விக்கெட்டுக்குக் கட்டம் இருக்கிறது. இதற்குக் கட்டம் இல்லை.

"அந்த நோட்டு இருக்கா சார்?" என்றார்.

இருந்தது. நான் எதையும் எறியமாட்டேன், அது வீட்டில் தனிப் புகார். பரணில் பழைய பாஸ்புக்குகளோடு கிடந்ததை எடுத்துத் தட்டிக் கொடுத்தேன். ஓரம் செல்லரித்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டி, தன் பெயருக்கு நேரே விரலை வைத்து ஒவ்வொரு பந்தாக நகர்த்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது தப்பு சார்."

"எது?"

"மூணாவது ஓவர், நாலாவது பந்து. ரெண்டு ரன்னுன்னு போட்டிருக்கீங்க. அது பேட்லயே படல. கால்ல பட்டுப் போனது. லெக்பை."

"அம்பயர் சைகை காட்டினதா எனக்கு ஞாபகம் இல்லையேப்பா."

"காட்டுனாரு சார். தொடையில தட்டிக் காட்டுனாரு. நீங்க பாக்கல. அப்பத்தான் விருந்தாளி வந்தாரு, நீங்க எந்திரிச்சு நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

நான் மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏழை அடித்து ஐந்து என்று எழுதினேன், உதிரி ரன் கட்டத்தில் இரண்டைக் கூட்டினேன். மொத்தம் மாறாது. அவர் நோட்டின் மேலே குனிந்து சரியாக எழுதுகிறேனா என்று பார்த்தார்.

"பேங்க்ல அடிச்சு எழுதுனா பக்கத்துல கையெழுத்துப் போடுவீங்கள்ல சார்?"

சுருக்கொப்பம் வைத்தேன். தேதி எது போடுவது, 94-ஆ என்று கேட்டேன்.

"இன்னைக்குத் தேதியே போடுங்க சார்" என்றார்.